எந்த வகுப்பில் சேர்ப்பார்கள்? எத்தனை மதிப்பெண் போதும்? சிங்கப்பூர்க் கல்வி: வாசகர் கேள்வி-பதில்

ஊரிலிருந்து கிளம்பத் தயாராகும் பெற்றோரும், இங்கே வந்து சில மாதங்களே ஆன மாணவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே கேள்வி பல கடிதங்களில் வந்திருந்தால் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம். கட்டணமும் பதிவு நாள்களும் ஆண்டுதோறும் மாறும். அவற்றைக் கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் அந்தந்த ஆண்டுக்கு உரியதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். விதிகள் எப்படி வேலை செய்கின்றன, எங்கே தவறுகிறார்கள் என்பதுதான் இந்தப் பக்கம்.

கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. மகளுக்கு மார்ச்சில் பத்து வயது முடிந்தது; ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். ஜூனில் அங்கே வருகிறோம். அரசுப் பள்ளியில் நேராக ஆறாம் வகுப்பில் சேர்ப்பார்களா? (வாசகி, திருச்சி)

சேர்க்க மாட்டார்கள் அம்மா. ஊரில் எந்த வகுப்பு முடித்தாள் என்பதைவிட, சேரும் ஆண்டின் ஜனவரி முதல் நாளில் அவளுக்கு எத்தனை வயது நிரம்பியிருக்கிறது என்பதே இங்கே முதலில் பார்க்கப்படும். சிங்கப்பூரில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. தலா பத்து வாரமாக நான்கு தவணைகள். ஜூனில் நான்கு வாரம், நவம்பர் கடைசியிலிருந்து ஆறு வாரம் பெரிய விடுமுறை. தொடக்கநிலை ஒன்றுக்கு ஆறு வயது நிரம்பியிருக்க வேண்டும், இரண்டுக்கு ஏழு, ஐந்துக்குப் பத்து. உங்கள் மகள் அடுத்த ஜனவரியில் பத்து வயது ஒன்பது மாதம். அவளுக்குரியது தொடக்கநிலை 5.

ஊரில் இருந்தால் அந்த ஜனவரியில் ஆறாம் வகுப்பின் பாதியைத் தாண்டியிருப்பாளே, ஓராண்டு வீணாகிறதே என்று தோன்றும். உண்மையில் இது அவளுக்கு நல்லது. தொடக்கநிலை 6 என்பது பிஎஸ்எல்இ என்னும் தேசியத் தேர்வு எழுதும் ஆண்டு. வெளிநாட்டு மாணவருக்கான நுழைவுத் தேர்வு வழியாக அந்த வகுப்புக்கு ஆள் எடுப்பதே இல்லை. ஐந்தில் சேர்ந்தால் அந்தத் தேர்வுக்குத் தயாராக அவளுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு கிடைக்கிறது.

இதே வகுப்பு முடித்து, ஜூலையில் பிறந்து, ஜனவரியில் பதினொன்றரை வயதாகும் பிள்ளைகளின் பெற்றோர்தான் அதிகம் யோசிக்க வேண்டியவர்கள். வயதுப்படி ஆறாம் நிலை. அது மூடிய கதவு. ஓராண்டு குறைத்துத் தொடக்கநிலை 5க்கு விண்ணப்பிக்கலாம், அல்லது ஓராண்டு வேறு பள்ளியில் படித்துவிட்டு உயர்நிலை 1க்கு விண்ணப்பிக்கலாம். ஆங்கிலம் இன்னும் தடுமாறும் பிள்ளைக்கு முதல் வழியையே பரிந்துரைப்போம். உயர்நிலை 4க்கும் இதே நிலைதான்: அது இறுதித் தேர்வு ஆண்டு, ஆகவே நுழைவுத் தேர்வில் இடம்பெறாது.

அந்த நுழைவுத் தேர்வின் பெயர் ஏஇஐஎஸ். தொடக்கநிலை 2 முதல் 5 வரையும், உயர்நிலை 1 முதல் 3 வரையும் சேர விரும்பும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கானது. பெற்றோர் வேலை அனுமதியில் இருந்து, பிள்ளை சார்ந்திருப்போர் அனுமதி அட்டையில் வந்தாலும் இதை எழுதியாக வேண்டும். அந்த அட்டை இருப்பதால் தனியாக மாணவர் அனுமதி அட்டை எடுக்க வேண்டாம், அவ்வளவுதான். பள்ளி இடத்துக்கு அது உத்தரவாதம் தராது. தேர்வு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நடக்கும், சேர்க்கை அடுத்த ஜனவரியில். அதில் கிடைக்காதவர்களுக்கும் தாமதமாக வந்தவர்களுக்கும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் துணைத் தேர்வு ஒன்று உண்டு. ஆனால் எல்லா நிலைகளும் அதில் இருப்பதில்லை. எனவே செப்டம்பர்த் தேர்வைத் தவறவிடாதீர்கள்.

ஜூன் முதல் டிசம்பர் வரை மகள் எங்கே படிப்பாள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். சிபிஎஸ்இ பாடத்திட்டம் நடத்தும் இந்திய அனைத்துலகப் பள்ளிகள் இங்கே உள்ளன. ஆறு மாதத்துக்கு அங்கே சேர்க்கலாம், ஆனால் சேர்க்கைக் கட்டணமும் வைப்புத்தொகையும் திரும்பக் கிடைக்கும் விதிகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சில குடும்பங்கள் தாயும் பிள்ளையும் ஊரிலேயே அரையாண்டு இருந்து, தேர்வுக்கு மட்டும் வந்து போகிறார்கள். சிக்கனமான வழிதான். பிள்ளை ஊர் பள்ளியில் படித்துக்கொண்டே இங்குள்ள முறையில் கணக்குப் பழகினால் போதும்.

தேர்வில் சோதிப்பது ஆங்கிலமும் கணிதமும் மட்டுமே. தமிழ் கிடையாது. ஊர்ப் பிள்ளைகள் கணிதத்தில் தேறிவிடுவார்கள் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பலர் விழும் இடமே அதுதான். பெருக்கலும் வகுத்தலும் அவர்களுக்கு நன்றாக வரும். நான்கு வரி ஆங்கிலத்தில் ஒரு நிலைமையைச் சொல்லிக் கேட்கும்போது எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்பார்கள். உதாரணம்: ஒரு பெண் தன்னிடமிருந்த பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கைப் புத்தகத்துக்குச் செலவழித்தாள், மீதியில் மூன்றில் ஒரு பங்கைத் தம்பிக்குக் கொடுத்தாள், கையில் 24 வெள்ளி இருக்கிறது, முதலில் எவ்வளவு இருந்தது? ஊரில் எக்ஸ் என்று வைத்துச் சமன்பாடு போடுவோம், அல்லது பின்னங்களைப் பெருக்குவோம். இங்கே ஒரு நீளக் கட்டம் வரைந்து ஐந்தாகப் பிரிப்பார்கள். இரண்டு கட்டம் புத்தகம். மிச்சம் மூன்று கட்டம். அதில் ஒன்று தம்பிக்கு. எஞ்சிய இரண்டு கட்டம் 24 வெள்ளி, ஒரு கட்டம் 12, ஐந்தும் சேர்த்து 60. ‘மீதியில் மூன்றில் ஒன்று’ என்பதை ‘மொத்தத்தில் மூன்றில் ஒன்று’ என்று படித்துவிடுவதுதான் வழக்கமான பிழை. கட்டம் வரைந்தால் அந்தப் பிழை வராது. செய்முறையைக் காட்டாமல் விடை மட்டும் எழுதும் பழக்கத்தையும் இப்போதே விடச் சொல்லுங்கள். தினமும் இப்படி ஐந்து கணக்கு, வாரம் இரண்டு ஆங்கிலக் கட்டுரை என்று நான்கு மாதம் பழகினால் நல்ல மாற்றம் தெரியும்.

தேர்ச்சி பெற்றாலும் காலியிடம் இருந்தால்தான் இடம். தேர்வில் செய்த விதம், காலியிடம், நீங்கள் கொடுத்த வீட்டு முகவரி ஆகியவற்றை வைத்து அமைச்சே பள்ளியை ஒதுக்கும். நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஆகவே ஒரு குறிப்பிட்ட பள்ளியை நம்பி இரண்டு ஆண்டு வாடகை ஒப்பந்தம் போட்டுவிடாதீர்கள்.

எங்கள் மகனைத் தொடக்கநிலை 1லேயே சேர்க்க எண்ணுகிறோம். அவனுக்கும் இந்தத் தேர்வு உண்டா? (வாசகர், ஈசூன்)

இல்லை. தொடக்கநிலை 1க்குத் தேர்வு கிடையாது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இடம் கொடுத்து முடித்த பிறகு கடைசிக் கட்டத்தில்தான் வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். அதற்கு முன்பே, விருப்பத்தைத் தெரிவிக்கும் இணையப் படிவத்தை அறிவித்த சில நாள்களுக்குள் நிரப்பியிருக்க வேண்டும்; அதைத் தவறவிட்டால் அந்த ஆண்டு கதவு மூடியாகிவிட்டது. பிப்ரவரியிலிருந்தே அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள்.

பிஎஸ்எல்இயில் 400க்கு எவ்வளவு எடுத்தால் ‘எக்ஸ்பிரஸ்’ கிடைக்கும்? பக்கத்து வீட்டில் ஒருவர் ஒன்று சொல்கிறார், அலுவலகத்தில் ஒருவர் இன்னொன்று சொல்கிறார். (வாசகி, செங்காங்)

இருவருமே பழைய கணக்கைச் சொல்கிறார்கள். எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற உயர்நிலைப் பள்ளிப் பிரிவுகள் 2024இல் உயர்நிலை 1 சேர்ந்தவர்களிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. மொத்த மதிப்பெண்ணைப் பார்க்கும் முறையும் 2021இல் மாறிவிட்டது.

இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் ஏஎல் என்னும் நிலை, 1 முதல் 8 வரை. 90உம் அதற்கு மேலும் ஏஎல் 1. 85 முதல் 89 வரை 2. 80 முதல் 84 வரை 3. 75 முதல் 79 வரை 4. 65 முதல் 74 வரை 5. 45 முதல் 64 வரை 6. 20 முதல் 44 வரை 7. அதற்குக் கீழே 8. ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி நான்கையும் கூட்டினால் சிறந்தது 4, கடைசி 32. குறைவாக இருந்தால் நல்லது என்பதை முதலில் மனத்தில் பதியுங்கள். ஊரிலிருந்து வருபவர்களுக்குச் சில மாதம் தலைகீழாகவே தெரியும்.

ஆங்கிலம் 78, கணிதம் 91, அறிவியல் 66, தமிழ் 83 என்று வைத்துக்கொள்வோம். 4, 1, 5, 3, மொத்தம் 13. இங்கே அறிவியலில் 66க்குப் பதில் 73 எடுத்தாலும் மொத்தம் 13தான். 75 எடுத்தால்தான் 12. ஆகவே துணைப்பாட வகுப்புக்குப் பணம் போடும் முன், பிள்ளை எந்தப் பாடத்தில் அடுத்த படிக்கு ஓரிரு மதிப்பெண் தள்ளி நிற்கிறது என்று பாருங்கள். 88 எடுக்கும் கணிதத்தை 92 ஆக்குவது ஒரு புள்ளி. 66ஐ 72 ஆக்குவது ஒன்றுமில்லை.

இந்த மொத்தத்தை வைத்துப் பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளியில் மூன்று சேர்ப்புக் குழுக்களில் சேர்ப்பார்கள்; மூன்றாவதுதான் மேலானது. மொத்தம் 4 முதல் 20 வரை என்றால் மூன்றாம் சேர்ப்புக் குழு. 21, 22 என்றால் இரண்டாவது அல்லது மூன்றாவது. 23, 24 இரண்டாவது. 25 என்றால் முதல் அல்லது இரண்டாவது. 26 முதல் 30 வரை முதல் குழு, ஆனால் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஏஎல் 7 அல்லது அதைவிட நல்ல நிலை இருக்க வேண்டும். குழு என்பது தொடக்கம் மட்டுமே. உள்ளே போன பிறகு பாடங்கள் ஜி1, ஜி2, ஜி3 என்ற மூன்று தரத்தில் நடத்தப்படும்; ஜி3தான் கடினமானது. ஒரு பிள்ளை கணிதத்தை ஜி3 தரத்திலும் ஆங்கிலத்தை ஜி2 தரத்திலும் படிக்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு இது பெரிய உதவி. ஆங்கிலம் தடுமாறியதால் முழுப் படிப்பும் கீழே போகும் பழைய நிலைமை இல்லை.

உயர்நிலைப் பள்ளிக்கு ஆறு பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கலாம். கடைசி இடத்துக்கு இரண்டு பிள்ளைகள் ஒரே மொத்தத்தோடு நின்றால் முதலில் குடியுரிமை பார்க்கப்படும்: குடிமகன், பிறகு நிரந்தரவாசி, பிறகு வெளிநாட்டவர். அதன் பிறகே விருப்ப வரிசை, கணினிக் குலுக்கல். ஆகவே ஆறையுமே உங்கள் பிள்ளையின் மொத்தம் போன ஆண்டு எல்லையாக இருந்த பள்ளிகளாக நிரப்பாதீர்கள். இரண்டாவது, மூன்றாவது பள்ளியாவது எல்லைக்கு இரண்டு புள்ளி உள்ளே இருக்கட்டும்.

மகனுக்குத் தமிழிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால் மற்ற மூன்று பாடங்களில் கவனம் வைக்கலாம் என்று பலரும் சொல்கிறார்கள். செய்யலாமா? (வாசகர், ஜூரோங்)

தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். விலக்கு பெற்ற பிள்ளைக்குத் தாய்மொழி வெற்றிடமாக விடப்படுவதில்லை. பிஎஸ்எல்இயில் ஆங்கிலம், கணிதம், அறிவியலில் அவன் செய்ததை அடிப்படையாகக் கொண்டு ஏஎல் 6 முதல் 8 வரை ஒரு நிலை ஒதுக்கப்படும். உங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள். அவன் முயன்றால் ஏஎல் 3 எடுக்க முடியும். விலக்கு வாங்கினால் மூன்று புள்ளிகளையாவது நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள். மூன்று புள்ளி என்பது பல பள்ளிகளைத் தாண்டும் தூரம்.

தமிழே எழுதப் படிக்கத் தெரியாமல், டெல்லியிலோ மும்பையிலோ இந்தி படித்து வந்த பிள்ளையின் விஷயம் வேறு. இந்தி, பஞ்சாபி, வங்காளம், குஜராத்தி, உருது ஆகிய ஐந்தையும் தாய்மொழிப் பாடமாக எடுக்க வழியிருக்கிறது. அந்த வகுப்புகள் சில பள்ளிகளிலும் சமூக அமைப்புகள் நடத்தும் மையங்களிலும் நடக்கும். உங்கள் பள்ளியில் இல்லையென்றால் வேறு இடத்துக்குப் போய்வர வேண்டியிருக்கும். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். சேர்ந்த முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் கேளுங்கள்.

ஊரில் தமிழ் படித்த பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. இங்கே வாய்மொழித் தேர்வும் கேட்டல் கருத்தறிதலும் உண்டு. காணொளியையோ படத்தையோ பார்த்து ஆசிரியரோடு இயல்பாகப் பேச வேண்டும். மனப்பாடச் செய்யுளில் நூறு எடுத்தவர்கள் இதில் இரண்டு வாக்கியத்தோடு நின்றுவிடுகிறார்கள். வீட்டில் சாப்பாட்டு நேரத்தில், ஆங்கிலம் கலக்காத பேச்சுத்தமிழில், ஒரு செய்தியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசப் பழக்குங்கள்.

மகள் உயர்நிலை 3க்கு வருகிறாள். ஓ நிலைத் தேர்வை நிறுத்திவிடுகிறார்களாமே? அதன் பிறகு எங்கே போவது? பள்ளிக் கட்டணம் எப்படி? (வாசகி, உட்லண்ட்ஸ்)

2027 முதல், உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ நிலை, என் நிலைத் தேர்வுகளின் இடத்தில் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் ஒன்றே இருக்கும். அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் நேரே எந்த ஜி தரத்தில் எழுதினாள் என்று பதிவாகும். கற்பிப்பதில் திடீர் மாற்றம் ஒன்றும் இல்லை.

பிறகு மூன்று பாதைகள். தொடக்கக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்து ஏ நிலை எழுதுவது, நேரே பல்கலைக்கழகத்தைக் குறிவைப்பவர்களுக்கு. பலதுறைத் தொழிற்கல்லூரி, மூன்று ஆண்டு பட்டயம். ஐந்து கல்லூரிகள், படிப்பு ஏப்ரலில் தொடங்கும். தொழில்நுட்பக் கல்விக் கழகம், கைத்தொழில் சார்ந்த படிப்பு. ஊரில் பாலிடெக்னிக் என்றால் மதிப்பெண் குறைந்தவர்கள் போகும் இடம் என்று ஒரு நினைப்பு உண்டு. அதை இங்கே கொண்டுவராதீர்கள். சில பட்டயங்களுக்குப் போட்டி மிகக் கடுமை, அங்கிருந்து பல்கலைக்கழகம் போகிறவர்களும் நிறைய. ஆனால் ஒன்று: பட்டயம் குறிப்பிட்ட துறையில் தொடங்கும். பதினாறு வயதில் அந்தத் துறை பிடித்திருக்கிறதா என்று பிள்ளையிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பள்ளிக் கட்டணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குடிமகன், நிரந்தரவாசி, ஆசியான் நாட்டவர், மற்ற நாட்டவர் என்று நான்கு அளவு. மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் மூன்றாவதில் வருவார்கள்; இந்தியா, இலங்கைப் பிள்ளைகள் நான்காவதில், அதாவது மிக அதிகமானதில். கல்லூரிக்குப் போகப் போக அந்த இடைவெளி விரியும். பள்ளி என்றால் மாதக் கட்டணத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, அடுத்த சில ஆண்டுகளுக்கான உயர்வையும் சேர்த்து வைத்தே வரவு செலவைத் திட்டமிடுங்கள்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முதல் பருவம் முடித்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் 95 விழுக்காடு. இங்கே ஜிபிஏ என்னும் சராசரித் தரப்புள்ளி 5க்கு 3.1. நான் தோற்றுவிட்டேனா? (மாணவர், கிளமெண்டி)

இல்லை தம்பி. முதலில் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். தலா நான்கு அலகு கொண்ட ஐந்து பாடங்கள். ஏ மைனஸ், பி, பி மைனஸ், சி பிளஸ், சி என்று வந்திருந்தால் 4.5, 3.5, 3.0, 2.5, 2.0. கூட்டினால் 15.5, ஐந்தால் வகுத்தால் 3.1. இதில் ஏ பிளஸும் ஏயும் இரண்டுமே 5.0. பி பிளஸ் 4.0.

இந்தத் தரங்கள் ஒப்பிட்டுத் தரப்படுபவை. வகுப்பில் எல்லாரும் 80 எடுத்தால் 80க்கு ஏ கிடைக்காது. ஊரில் உங்கள் வகுப்பில் நீங்கள் முதல் மாணவர். இங்கே உங்கள் வகுப்பு முழுவதும் அப்படி வந்தவர்கள். 3.1 என்பதை நூற்றுக்கு 62 என்று ஊருக்குச் சொல்லி அப்பா, அம்மாவைக் கலங்கவைக்காதீர்கள். அது விழுக்காடு அல்ல.

இப்போது செய்ய வேண்டியது. முதல் ஆண்டில் தகுதியுள்ள சில பாடங்களில், தரம் வெளியான பிறகு, எழுத்துத் தரத்தை எடுத்துவிட்டு ‘நிறைவு’ என்று மட்டும் பதிவு செய்யக் கேட்கலாம். சி அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் நிறைவு. அந்தப் பாடம் ஜிபிஏ கணக்கில் சேராது, அலகு கிடைத்துவிடும். மேலே சொன்ன உதாரணத்தில் சி பிளஸ், சி இரண்டையும் இப்படி எடுத்தால் மிச்சம் மூன்று பாடம், 11ஐ மூன்றால் வகுத்தால் 3.67. ஆனால் எல்லாப் பாடங்களுக்கும் இது பொருந்தாது, எடுத்த முடிவைத் திருப்ப முடியாது, காலக்கெடு சில நாள்கள்தான். பயன்படுத்த உரிமையுள்ள அலகுக்கும் உச்சவரம்பு உண்டு. பி மைனஸுக்கெல்லாம் அதைச் செலவழிக்காதீர்கள். உதவித்தொகை வாங்குபவர் என்றால் உங்கள் கடிதத்தில் குறைந்தபட்ச ஜிபிஏ என்ன என்று முதலில் படியுங்கள்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். பட்டத்துக்கு 160 அலகு. முடித்தது 20. பட்டத்தில் 3.5 வேண்டுமென்றால் மீதி 140 அலகில் சராசரி 3.56 போதும், 4.0 வேண்டுமென்றால் 4.13 தேவை. முதல் பருவம் எட்டில் ஒரு பங்கு மட்டுமே. 4.5உம் அதற்கு மேலும் என்றால் ‘மிக உயர்ந்த சிறப்பு’, 4.0இலிருந்து ‘சிறப்பு’, 3.5இலிருந்து ‘தகைமை’ என்று பட்டத்தின் தரம் அமையும். கவலைப்பட வேண்டிய எல்லை 2.0. அதற்குக் கீழே தொடர்ந்து பருவங்கள் போனால் எச்சரிக்கையில் தொடங்கி வெளியேற்றம் வரை வரும்.

நேரம் எங்கே போகிறது என்று பார்க்க: ஓர் அலகு என்றால் வாரத்துக்கு இரண்டரை மணி நேர உழைப்பு என்று பல்கலைக்கழகமே வகுத்திருக்கிறது. 20 அலகுக்கு 50 மணி நேரம். விரிவுரையிலும் பயிற்சி வகுப்பிலும் அதில் பாதிகூடப் போகாது. மீதி நீங்களே உட்கார்ந்து செய்வது. பயிற்சி வகுப்புக் கேள்விகள் முன்கூட்டியே வெளியாகும். அவற்றைச் செய்து பார்க்காமல் போய், வகுப்பில் விடை எழுதிக்கொண்டு வருவதுதான் ஊரிலிருந்து வருபவர்கள் செய்யும் பெரிய தவறு. ஊரில் பரீட்சைக்கு முந்தைய மூன்று வாரம் காப்பாற்றியது. இங்கே பருவமே பதின்மூன்று வாரம், இடைத்தேர்வும் குழுத்திட்டமும் அதற்குள்ளேயே மதிப்பெண்ணில் பாதியை எடுத்துக்கொண்டுவிடும்.

வீட்டுப்பாடத்தை நண்பர்களோடு பேசலாம். ஒரே விடையை, ஒரே நிரலை ஆளுக்கொரு பெயரில் கொடுக்கக் கூடாது. ஆய்வக அறிக்கையில் முன்னுரையை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுவதும் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியதுதான். செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தலாமா என்பது பாடத்துக்குப் பாடம் மாறும். முதல் வார வழிகாட்டுத் தாளில் பாருங்கள், இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள்.

மகளுக்குப் பல்கலைக்கழக இடம் கிடைத்துவிட்டது. கல்வி அமைச்சின் கட்டண மானியம் வாங்கினால் மூன்று ஆண்டு கட்டாய வேலை என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா? (வாசகர், மதுரை)

மானியம் வாங்கினால் பல பாடங்களில் கட்டணம் ஏறக்குறைய பாதியாகும். வாங்காதவர் முழுக் கட்டணமும் அதன் மேல் பொருள், சேவை வரியும் கட்ட வேண்டும். பதிலுக்குப் பட்டம் முடிந்ததும் சிங்கப்பூரில் பதிவான நிறுவனத்தில் மூன்று ஆண்டு வேலை செய்ய வேண்டும். அரசு வேலையாக இருக்க வேண்டியதில்லை. வேலையை அவளே தேடிக்கொள்ள வேண்டும், அரசு தேடித் தராது. மருத்துவம், பல் மருத்துவத்துக்கு விதி வேறு, காலம் நீளம்.

ஒப்பந்தத்தில் மாணவியோடு பிணையாளர் இருவரும் கையெழுத்திடுவார்கள். முறித்தால் அவர்களையும் சேர்த்துக் கேட்பார்கள். திருப்ப வேண்டியது வாங்கிய மானியமும் அதன் மேல் ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக் கூட்டுவட்டியும். கணக்குக்காக ஆண்டுக்கு 20,000 வெள்ளி மானியம் என்று வைத்தால், நான்கு ஆண்டில் அசல் 80,000. நான்காம் ஆண்டு முடிவில் வட்டியோடு ஒரு லட்சத்து இரண்டாயிரம் வெள்ளியைத் தாண்டும். ஆகவே உறவினரைப் ‘பேருக்கு ஒரு கையெழுத்து’ என்று கேட்காதீர்கள். இந்தத் தொகையை அவரிடம் சொல்லுங்கள்.

எங்கள் கருத்து: பட்டம் முடித்து இங்கேயே வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் வாங்குவது நியாயமான பேரம். முடித்ததும் அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குப் போவேன் என்று மகள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தால் முழுக் கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடமையைத் தள்ளிப்போட விண்ணப்பிக்கலாம், ஆனால் அனுமதி கிடைக்கும் என்று வைத்துத் திட்டமிடக் கூடாது. கையெழுத்துப் போடும் முன் மகளிடம் தனியாகப் பேசுங்கள். மூன்று ஆண்டைக் கழிக்கப்போவது அவள்தான்.

தனியார் கல்லூரியில் பட்டயம் சேர்த்துவிடுகிறோம், படித்துக்கொண்டே வேலையும் பார்க்கலாம் என்று சென்னையில் ஒரு முகவர் சொல்கிறார். நம்பலாமா? (வாசகர், திண்டுக்கல்)

‘வேலையும் பார்க்கலாம்’ என்ற பகுதி பொய். தனியார் கல்வி நிலையத்தின் மாணவர் அனுமதி அட்டையில் இருப்பவர் படிக்கும்போது வேலை செய்யக் கூடாது. கடையில் மாலை நேரம் நின்றாலும் பிடிபட்டால் அனுமதி போகும். தவணைக் காலத்தில் வாரம் 16 மணி நேரம் வரை வேலை செய்யும் சலுகை பல்கலைக்கழகங்கள், பலதுறைத் தொழிற்கல்லூரிகள் போன்ற மனிதவள அமைச்சின் பட்டியலிலுள்ள நிலையங்களில் முழுநேரம் படிப்பவர்களுக்கு மட்டுமே. முகவர் இந்த ஒன்றில் பொய் சொன்னால் மற்றவற்றையும் சரிபார்க்க வேண்டும்.

வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் தனியார் நிலையத்துக்கு எடுடிரஸ்ட் சான்றிதழ் இருக்க வேண்டும். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் அமைப்பின் தனியார் கல்விப் பட்டியலில் கல்லூரியின் பெயரையும், நீங்கள் சேரும் அதே பாடத்தின் பெயரையும் தேடுங்கள். பதிவு இருக்கிறது என்பதற்காகப் பட்டத்தின் தரத்துக்கு அரசு உறுதி தருவதாகப் பொருள் இல்லை. அது அடிப்படை ஒழுங்குமுறை. பட்டம் வழங்குவது எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், அது தன் நாட்டில் அங்கீகாரம் பெற்றதா, இந்தியாவில் வேலைக்கோ மேற்படிப்புக்கோ ஏற்பார்களா என்பதைத் தனியாக விசாரியுங்கள்.

பணம் கட்டும் முன் நிலையான மாணவர் ஒப்பந்தத்தில் கையெழுத்தாக வேண்டும். கையெழுத்திட்ட ஏழு வேலைநாளுக்குள் மனம் மாறினால் விலகலாம். கட்டணப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் உங்கள் பெயரில் காப்புறுதி எடுக்கப்பட்டதா என்று சான்று கேளுங்கள். கல்லூரி மூடிவிட்டால் பணத்தைக் காப்பது அதுதான். கட்டணத்தை முகவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பாதீர்கள். கல்லூரியின் கணக்குக்கு அனுப்பி, கல்லூரியின் ரசீது வாங்குங்கள். குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் கொள்கை அளவிலான அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை விமானச் சீட்டு எடுக்க வேண்டாம்.

நிரந்தரவாசம் வாங்கினால் கட்டணம் குறையும் என்பதால் குடும்பத்தோடு விண்ணப்பிக்க நினைக்கிறோம். மகனுக்கு 12 வயது. (வாசகி, தெம்பனிஸ்)

கட்டணம் குறையும் என்பது உண்மை. ஆனால் பெற்றோர் வழியாக நிரந்தரவாசி ஆகும் ஆண் பிள்ளை தேசிய சேவைக்கு, அதாவது ராணுவம் போன்றவற்றில் கட்டாயப் பணிக்கு, கட்டுப்பட்டவன். பதினாறரை வயதில் பதிவு செய்யச் சொல்லிக் கடிதம் வரும். முழுநேரச் சேவை இரண்டு ஆண்டு. சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைக் கைவிட்டால், பிற்காலத்தில் அவன் இங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது அவனுக்கு எதிராக நிற்கும். கட்டணக் கணக்கை மட்டும் பார்க்காமல், பன்னிரண்டு வயதுப் பிள்ளையையும் உட்காரவைத்துப் பேசிவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள்.